நாற்பத்திரண்டு செக்கன்

திரை உறைகிறது. அரை நிமிஷம்.
பிறகு ஒன்றும் நடவாததுபோல் ஓடுகிறது.
அரை நிமிஷம்தானே என்று
கொழும்பிலிருந்து எழுதிவிட்டார்கள்.

மழைக்குள் எழுபது பேர் நிற்கும் வரிசையில்
அரை நிமிஷம் எவ்வளவு நீளமென்று
இலக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு,
புஷ்பகாந்திக்குத் தெரியும்.
(எனக்கு அவர் பட்டியலில் ஒரு வரி.)
திரை உறைந்தால் மடுவத்துக் கிளாக்கர் ஜெயசீலன்
கொழுந்துச் சாக்கைக் கையால் தூக்கிப் பார்த்து
மனக்கணக்கில் ஒரு கிலோவை எழுதுவார்.
மனக்கணக்கு
ஒருநாளும் கூட வந்ததில்லை.

நான் தலவாக்கலையில்,
ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடியில் இருந்து
அந்தச் சேர்வரின் வயிற்றுக்குள்
வேவு பார்க்க ஆள் அனுப்புகிறேன்.
ஆள் என்றால் சின்ன மொடியூல்.
கர்னலுக்குள் இறங்கி ஒரு வாசலில் நின்று
யார் போகிறார், யார் யாருக்காகக் காத்திருக்கிறார்
என்று குறித்துக்கொண்டு வரவேண்டும்.

அவனைக் கட்டியெழுப்ப
நாற்பத்திரண்டு செக்கன்.
முப்பதாவது செக்கனில் திரை விழித்துவிடும்.
என் ஆள் உள்ளே போய்ச் சேரும்போது
எல்லாரும் நல்ல பிள்ளைகள்.
வெறுந்தாளோடு திரும்பி வருவான்.

ஒன்பது நாள் இப்படி.

பத்தாம் நாள் இரவு
கேட்கக்கூடிய கேள்வி எல்லாவற்றையும்
முன்கூட்டியே கொம்பைல் செய்து அடுக்கினேன்.
டிஸ்க்கை எழுப்பியது யார்.
பூட்டு யார் கையில்.
வலைக்கு வெளியே எட்டிப் பார்ப்பது யார்.
முப்பத்தொரு கேள்வி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு கைரேகை:
கேள்வியின் எழுத்து, கர்னலின் இலக்கம்,
கொம்பைலரின் பதிப்பு,
மூன்றையும் சேர்த்தரைத்த சாந்தில் பதித்தது.
ரேகை பொருந்தினால் மறுபடி கட்டத் தேவையில்லை.
எடுத்து அனுப்பலாம், இமை மூடித் திறக்குமுன்.

"எல்லாம் கேஷில் இருக்கு" என்றேன் போனில்.
ஜெயசீலன் சிரித்தார்:
"அப்ப எங்க சம்பளத்தையும் அதுல இருந்தே போடுங்க தங்கச்சி."

அடுத்த நாள் நாலேகால்.
உறைந்தது. அனுப்பினேன்.
ரேகை பொருந்தவில்லை.
முப்பத்தொன்றில் ஒன்றுகூட.

விடியற்காலையில் யாரோ கர்னலை அப்டேட் செய்திருக்கிறார்.
கடைசிப் புள்ளிக்குப் பிறகு
பதினேழு பதினெட்டாகியிருக்கிறது, அவ்வளவுதான்.
என் ஆட்கள் நேற்றைய வீட்டுச் சாவியோடு
வாசலில் நிற்கிறார்கள்.
பழைய சாவியை வைத்துத் திருகினால்
வீடே சரியும்; மறுத்தது சரி.
சரியென்று தெரிந்தும் மேசையில் குத்தினேன்.
பிளேன்டீ கீபோர்டில் கொட்டியது.

மறுபடி முப்பத்தொன்று,
தலைக்கு நாற்பத்திரண்டு செக்கன்.
இருபத்திரண்டு நிமிஷம் ஒன்றும் செய்வதற்கில்லை.
துணியால் கீபோர்டைத் துடைத்தேன்.
கீழே கடையில் யாருக்கோ
ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

நாலு நாற்பத்தெட்டு.
உறைந்தது.
முதல் கேள்வி உடனே உள்ளே: டிஸ்க் இல்லை.
அடுத்தது: பூட்டும் இல்லை.
மூன்று, நான்கு, ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை,
ஏழாவது ஆள் எழுதிய தாளோடு வந்தான்.

நிறையைப் பதியுமுன்
புரோகிராம் ஒரு முகவரியைக் கூப்பிடுகிறது,
இன்று போயாவா வேலைநாளா என்று கேட்க.
முகவரி கொழும்பில்.
அந்தக் கம்பியூட்டரை நாலு வருஷத்துக்கு முன்பே
கழற்றி விற்றாயிற்று.
ஆளில்லாத கந்தோரின் கதவைத் தட்டி
முப்பது செக்கன் நின்று
பதில் வராமல்
வேலைநாள்தான் என்று தானே முடிவுசெய்து
நிறையை எழுதுகிறது.
கொஞ்சநேரம் அதை ஞாபகம் வைத்திருக்கும்.
பிறகு மறந்து, மறுபடி தட்டும்.

நாங்கள் வேலைக்கு வந்திருக்கிறோமா என்று
நாங்கள் வரிசையில் நிற்கும்போதே
கொழும்பைக் கேட்கிற புரோகிராம்.

அந்த வரியை அழித்தேன்.
முப்பத்தொரு ஆட்களையும் அழிக்கவில்லை,
அடுத்த அப்டேட் வரை இருக்கட்டும்.

ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது.
இருநூற்றுப் பன்னிரண்டு, புஷ்பகாந்தி:
பதினெட்டுக் கிலோ அறுநூறு கிராம்.
கிளாக்கரின் கையெழுத்தில்
கிராம் வந்து நான் பார்த்ததில்லை.